நாலு விரல் உயரம்

அத்தியாயம் 7

தன்னைக் குற்றவாளி என்று நிரூபித்துத் தரும்படி ஒரு பெண் வந்து கேட்பது எர்லிந்தாவுக்கு இதுதான் முதல் தடவை. பதினாறு வருடம் போக்குவரத்துப் போலீஸில் விபத்துகளை அளந்தவள். ஆறு வருடமாகத் தனியாகத் துப்பறிகிறாள். இரண்டு வேலையிலும் அவள் சந்தித்தவர்கள் எல்லோரும் "நான் இல்லை" என்றுதான் ஆரம்பித்தார்கள்.

நியேவெஸ் "நான்தான்" என்று ஆரம்பித்தாள்.

சொராத்தா ஊருக்குள் நுழைகிற வளைவில் அவளுடைய பஞ்சர் கடை. ஒரு தகரக் கூரை, ஒரு காற்று இயந்திரம், ஒரு வெல்டிங் பெட்டி. மழைக்காக வட்டத் தொப்பியின் மேல் பிளாஸ்டிக் பையை மாட்டியிருந்தாள். எர்லிந்தாவை மரியாதையாக 'தோன்யா' என்று கூப்பிட்டாள். பேசும்போதும் கை ஒரு லாரிச் சக்கரத்தின் நட்டுகளை இறுக்கிக்கொண்டே இருந்தது.

"என் புருஷன் செவெரோவோட வேனை உசத்தித் தூக்கினது நான்தான் தோன்யா. நாலு விரல் உசரம். போன மழையில ஆத்தைத் தாண்டும்போது கல்லு அடிச்சு அடிவயித்தையே கிழிச்சிருச்சு. டிரைவர் சங்கத்துல எல்லாரோட வண்டியும் உசரமா நிக்குது, இவரோடது மட்டும் அடைகாக்கிற கோழி மாதிரி. அப்படித்தான் கூப்பிடவும் செய்வாங்க. அதான் பின்னால ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவுல இரும்புக் கட்டை வச்சேன். முன்னால முறுக்குக் கம்பியை ஏத்தினேன். பிரேக் கம்பிக்கும் ஒரு துண்டு வெல்டிங் வச்சுக் குடுத்தேன். அந்த வெல்டிங்தான் விட்டுப்போயிருக்கணும்."

"உங்க புருஷன் தானே தூக்கினதா எழுதிக் குடுத்திருக்காரே."

"அவரு பொய் சொல்றாரு. நான் போயி உண்மையச் சொன்னா அரசு வக்கீல் சிரிக்கிறாரு. பாவாடை கட்டினவ வேனுக்கு அடியில படுப்பாளாங்கறாரு."

எர்லிந்தாவின் உதவியாளன் குரோவர் சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். முன்பு உள்ளூர் ரேடியோவில் மரண அறிவிப்பு வாசித்தவன். அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"நட்டுக்கெல்லாம் நகப்பூச்சு போட்டிருக்கீங்களே தோன்யா. லாரிக்குக் கல்யாணமா?"

ஒவ்வொரு நட்டின் தலையிலிருந்தும் சக்கரத்தின் இரும்பு வரைக்கும் ரோஜா நிறத்தில் ஒரு கோடு இழுத்திருந்தது.

"சக்கரம் கழண்டா ஜனங்க என்னைத்தான் கேப்பாங்க. இறுக்கி முடிச்சதும் ஒரு கோடு போட்டுருவேன். கோடு சேர்ந்திருந்தா நட்டு நகரலன்னு அர்த்தம். பன்னெண்டு வருசமா இப்படித்தான்." அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "மூணு பேரு செத்துட்டாங்க தோன்யா. என் வெல்டிங்கால. அதுக்கு அவரு உள்ள போறது நியாயமில்ல. மூணு மணிக்குக் கோர்ட்டு."

அப்போது பத்தரை.

விபத்து நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கொன்சாத்தா பக்கமிருந்து பதினாலு பேரோடு வந்த வேன், ஆற்றுக்கு இறங்கும் பத்தொன்பது வளைவில் பதினெட்டைத் தாண்டி, கடைசியில் நிற்காமல் ஆற்றில் விழுந்தது. அனுமதி இல்லாமல் வண்டியின் உயரத்தை மாற்றியது டிரைவரின் கவனக்குறைவு என்பது வழக்கு. இன்று நீதிபதி முடிவு செய்தால் செவெரோவை மாலையே லா பாஸ் சிறைக்கு ஏற்றிவிடுவார்கள்.

போலீஸ் வண்டிக் கிடங்கு ஆற்றங்கரையில். உறவினர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்பதால் நியேவெஸை நேரே கோர்ட்டுக்குப் போய்க் காத்திருக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காவலர் ஒரு காலத்தில் எர்லிந்தாவுக்குக் கீழே வேலை பார்த்தவர். கன்னத்தில் கோக்கா இலை உருண்டையோடு கதவைத் திறந்தார்.

"எதையும் எடுத்துட்டுப் போனா பதிவேட்டுல கையெழுத்து போட்டுருங்க மேடம். மத்தபடி நான் மழையைப் பாத்துட்டிருக்கேன்."

வேன் இரண்டு மரத்தடிகளின் மேல் கிடந்தது. முன்பக்கம் கசங்கிப்போயிருந்தது. பின்பக்கம் ஆச்சரியப்படும்படி முழுசாக இருந்தது. குரோவர் அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டு, அடியில் நுழைந்தான்.

"என் அம்மா நான் டாக்டராகி நாலு பேரு என்னை நிமிர்ந்து பாக்கணும்னு ஆசைப்பட்டா. நான் வேனை நிமிர்ந்து பாக்கறேன்."

"கட்டையைப் பாரு."

"பாக்கறேன். அழகான கட்டை. இதுக்கும் பட்டைக்கும் நடுவுல என்னவோ காகிதம் நசுங்கிக் கிடக்கு." கத்தி முனையால் நெம்பினான். கையை வெளியே நீட்டினான். உள்ளங்கையில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக, நகத்தளவு வட்ட வட்டக் காகிதங்கள்.

எர்லிந்தா அதை வாங்கி மூக்குக்கு நேரே பிடித்தாள். கார்னிவல் செவ்வாய்க்கிழமை ஊரில் ஒரு வண்டி பாக்கியில்லாமல் மாலை போட்டு, சக்கரத்துக்குப் பியர் ஊற்றி, மேலும் கீழும் வண்ணக் காகிதம் இறைப்பார்கள். பியரில் நனைந்த காகிதம் ஒட்டினால் அடுத்த வருடம் வரை போகாது.

"செவெரோ வாக்குமூலத்துல எப்போ தூக்கினதாச் சொல்லியிருக்கான்?"

"ஜனவரில."

"ஜனவரில கட்டையை வச்சிருந்தா இந்தக் காகிதம் கட்டைக்கு வெளியிலதான் ஒட்டியிருக்கும். கட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல எப்படிப் போச்சு?"

குரோவர் அடியிலிருந்து தலையை நீட்டினான். "முதல்ல செவ்வாய்க்கிழமை பூசை. அப்புறம்தான் கட்டை. திங்கக்கிழமை வேன் மறுபடி ஓட ஆரம்பிச்சிருச்சு, அதுக்குள்ள வச்சாகணும். அப்ப அவன் பொய்தான் சொல்றான். கார்னிவல் புதன்லேருந்து ஞாயிறு வரைக்கும் இந்த ஊர்ல எந்த ஆம்பளையாவது ஒரு நட்டை நேரா இறுக்கியிருந்தா எனக்குக் காட்டுங்க. செவெரோ நடனக் குழுவுல கரடி வேஷம். வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த வேஷத்தைக் கழட்டவே ரெண்டு ஆள் வேண்டியிருந்துச்சு."

"அது அவன் செய்யலங்கறதுக்குத்தான் சாட்சி. அவ செஞ்சான்னு சொல்ல வேற வேணும்."

"அதுவும் இருக்கு தோன்யா." அவன் குரல் அடியிலிருந்து வந்தது, இந்த முறை விளையாட்டு இல்லாமல். "டார்ச்சைக் குடுங்க."

கட்டையை ஆக்ஸிலோடு பிடித்திருந்த யூ போல்ட்டுகளில் எட்டு நட்டு. எட்டிலும் ரோஜா நிறக் கோடு. ஆற்றுத் தண்ணீரில் ஒரு நாள் கிடந்தும் நகப்பூச்சு போகவில்லை. கோடுகள் ஒவ்வொன்றும் நட்டிலிருந்து இரும்புக்கு நேராக ஓடின. ஒன்றுகூட நகர்ந்திருக்கவில்லை.

எர்லிந்தா மண்ணில் முழங்கால் ஊன்றி எட்டையும் தனித்தனியாகப் படம் எடுத்தாள். மணி பன்னிரண்டு ஐந்து.

"முடிஞ்சுது," என்றான் குரோவர். "வரலாத்துலயே முதல் தடவையா, நம்மளை நம்பி வந்தவங்களை நாமளே ஜெயிலுக்கு அனுப்பப் போறோம். ஃபீஸை முன்னாடியே வாங்கியிருக்கலாம்."

"இன்னொரு நட்டு இருக்கு."

"எது?"

"பிரேக் கம்பி."

பின் ஆக்ஸிலுக்கும் வேனின் உடம்புக்கும் நடுவே விரல் தடிமனில் ஒரு கம்பி ஓடியது. அவள் டார்ச்சை அதன்மேல் நகர்த்திக்கொண்டே விளக்கினாள்.

"வண்டியில பாரம் ஏறினா உடம்பு தாழும். தாழ்ந்தா இந்தக் கம்பி மேல தள்ளும், பின் பிரேக்குக்கு முழு பலம் போகும். காலி வண்டின்னா உடம்பு உசந்து நிக்கும், கம்பி இறங்கும், பின் பிரேக் பாதியாயிடும்."

"புரிஞ்சுது. மருமகன் வயித்தைப் பாத்துட்டு எவ்வளவு சோறு போடலாம்னு முடிவு பண்ற மாமியார்."

"அதேதான். இப்ப மருமகனை நாலு விரல் தூக்கி நிறுத்திட்டா?"

"மாமியாருக்கு எப்பவும் வயித்துல ஒண்ணுமில்லாத மாதிரிதான் தெரியும். இல்ல, இந்த மாமியார் கணக்குப்படி வயிறு காலின்னா பாதிச் சோறு, பாதி பிரேக்." குரோவர் சிரிப்பை நிறுத்தினான். "பதினாலு பேரு ஏறினாலும் அதுக்குக் காலி வண்டிதான்."

"அதனாலதான் நியேவெஸ் ஆக்ஸில் பக்கம் ஒரு துண்டு வச்சு, கம்பியோட காலை உசத்தியிருக்கா. எந்த மெக்கானிக்கும் சொல்லித் தராம அவளுக்கே தோணியிருக்கு. அந்தத் துண்டு எங்க?"

துண்டு இல்லை. கம்பி பழையபடி நேரே ஆக்ஸிலில் மாட்டியிருந்தது. உடைந்த வெல்டிங் என்றால் ஒரு முனையாவது தொங்க வேண்டும். கிழிந்த இரும்பு, பிளந்த விளிம்பு, ஏதாவது. இங்கே எல்லாம் சுத்தமாக இருந்தது.

எர்லிந்தா நட்டின்மேல் ஒளியைப் பிடித்தாள். ரோஜா நிறம் அங்கேயும் இருந்தது. நட்டின் தலையில் ஒரு பாதிக் கோடு. ஆக்ஸிலின் இரும்பில் மறு பாதி. இரண்டுக்கும் நடுவே கடிகார முள் இரண்டு மணி நேரத்தில் நகரும் அளவு இடைவெளி.

குரோவர் நகர்ந்து வந்து அதையே உற்றுப் பார்த்தான்.

"யாரோ கழட்டியிருக்காங்க," என்றான் குரோவர். "அவ கோடு போட்டதுக்கு அப்புறம்."

"கழட்டி, துண்டை எடுத்துட்டு, பழையபடி மாட்டியிருக்காங்க. அவளா இருந்தா மறுபடி கோடு போட்டிருப்பா."

"அப்ப யாருன்னு நாம தேட வேண்டாம்னு சொல்லுங்க தோன்யா. மத்தியானம் சூப் குடிக்கப் போலாம்."

"இந்த மலையில டிரைவர் எவனும் இரும்பைத் தூக்கி எறியமாட்டான்," என்றாள் எர்லிந்தா. "செவெரோவோட சாமான் மூட்டையைக் கேளு."

காவலர் கோணி மூட்டையை மேசையில் கொட்டினார். ஜாக்கிப் பிடி, ஸ்பேனர்கள், கண்ணாடியில் தொங்கிய ஒரு ஜோடிக் குழந்தைச் செருப்பு. எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால், விரல் நீளத்தில் இரும்புத் துண்டு. ஒரு பக்கம் வெல்டிங் தழும்பு, மீன் செதில் மாதிரி வரிசையாக, ஓரிடத்தில்கூட விரிசல் இல்லாமல். துண்டின் மேல் கத்தியால் கீறிய ஒரு அடையாளம். முனையிலிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே. இங்கே அறுக்க வேண்டும் என்று யாரோ குறித்து வைத்த மாதிரி.

குரோவர் அந்தக் கீறலைக் கட்டைவிரலால் தடவினான்.

பதிவேட்டில் எர்லிந்தா எழுதினாள்: 'ஓர் இரும்புத் துண்டு, கோர்ட்டில் காட்ட.' கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வண்டியைத் தூக்கியது கவனக்குறைவு. இறந்தவர்களின் குடும்பங்கள் சமாதானத்துக்கு வந்தால் இரண்டு மூன்று வருடத்தில் வெளியே வரலாம். பிரேக்கிலிருந்து ஓர் உறுப்பைத் தெரிந்தே கழற்றிவிட்டுப் பதினாலு பேரை ஏற்றியது வேறு. அதற்கு எட்டு வருடமா பத்தா என்றுதான் பேச்சு இருக்கும்.

மை காயும் வரை காவலர் ஊதிவிட்டுப் பதிவேட்டை மூடினார்.

கோர்ட்டின் பின்கட்டில், இரும்புக் கதவு போட்ட அறையில் செவெரோ உட்கார்ந்திருந்தான். இடது கையில் கட்டு. பத்து நிமிடம் என்றார்கள். எர்லிந்தா பையைத் திறந்தாள். துண்டைக் கதவுக் கம்பிகளுக்கு நடுவே காட்டினாள்.

அவன் அதை வெகுநேரம் பார்த்தான்.

"எங்க கிடைச்சுது?"

"நீ வச்ச எடத்துலதான்."

"காலியாத் திரும்பி வரும்போது பின் சக்கரம் ரெண்டும் பூட்டிக்கிச்சு தோன்யா. ஈரப் பாறை மேல வண்டி பக்கவாட்டுல சறுக்கி விளிம்புல போயி நின்னுச்சு. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. அவ வச்ச துண்டு ஒரு விரல் ஜாஸ்தி. அவ்வளவுதான். அதனால காலி வண்டியும் அதுக்குப் பாரவண்டியாத் தெரிஞ்சுது."

"அவகிட்ட சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல அறுத்துக் குடுத்திருப்பாளே."

"சொல்லியிருக்கலாம்." அவன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டான். "வண்டி தூக்கி முடிஞ்ச அன்னிக்கு சங்கத்துல எல்லாரும் வந்து குனிஞ்சு பாத்தாங்க. அடைகாக்கிற கோழின்னு சொன்ன பயலுக எல்லாம். யாரு மாயெஸ்த்ரோ, எந்த மேஸ்திரி கைவேலைன்னு கேட்டாங்க. அவ ஒரு டயர் மேல உக்காந்து, ஒண்ணும் பேசாம, கையைத் தொடைச்சிட்டிருந்தா. அந்த மூஞ்சியை நீங்க பாக்கல. அதைப் பாத்துட்டு ஒரு விரல் ஜாஸ்தின்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஒரு நடை கழட்டிட்டு ஓட்டிருவோம், ஞாயித்துக்கிழமை நானே அறுத்து மாட்டிருவோம்னு நினைச்சேன். கழட்டினப்புறம் காலி வண்டி அருமையா நின்னுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் கொன்சாத்தால பதினாலு பேரு மழையில நின்னுட்டிருந்தாங்க. அன்னிக்கு வேற வண்டி கிடையாது." அவன் தரையைப் பார்த்தான். "முன் பிரேக்தான் எல்லாத்தையும் தாங்கிச்சு. பதினேழாவது வளைவுல பிரேக் கருகற வாடை வந்துச்சு. பதினெட்டுல பிரேக் பெடல் தரைக்குப் போயிடுச்சு."

குரோவர் சுவரில் சாய்ந்து நின்றான்.

"நானே தூக்கினேன்னு எழுதிட்டேன்," என்றான் செவெரோ. "அவ பேரு வரக் கூடாது. துண்டு பேச்சும் வரக் கூடாது. அவளைப் பொறுத்த வரைக்கும் பிரேக் புடிக்கல, அவ்வளவுதான். அப்படியே இருக்கட்டும்."

எர்லிந்தா மெதுவாகச் சொன்னாள்: "அவ அப்படி நினைக்கல செவெரோ. தன் வெல்டிங் விட்டுப்போச்சுன்னு நினைச்சிட்டிருக்கா. மூணு பேரையும் தான் கொன்னுட்டதா நினைச்சிட்டிருக்கா. மூணு வாரமா. அதை நிரூபிக்கத்தான் என்னைக் கூட்டிட்டு வந்திருக்கா."

அவன் தலை நிமிர்ந்தது. ஏதோ சொல்ல வாய் திறந்தான். கோர்ட்டுக் காவலர் சாவியைக் கதவில் தட்டினார். நேரம் முடிந்துவிட்டது.

வராந்தாவில் ஒரே ஒரு நீள பெஞ்சு. ஒரு கோடியில் நியேவெஸ், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். மறு கோடியில் தோன் கசியானோ. விபத்தில் இறந்த மூன்று பேரில் ஒருத்தி அவர் மனைவி. ஒவ்வொரு விசாரணைக்கும் வந்து அதே இடத்தில் உட்காருவார், யாரையும் திட்டியதில்லை. அவருக்கும் நியேவெஸுக்கும் நடுவே பெஞ்சில் நாலு பேர் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மூன்றுக்கு எட்டு நிமிடம்.

"தோன்யா," என்று நியேவெஸ் எழுந்தாள். "கெடைச்சுதா? நான்தான்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. எட்டு நட்டுலயும் உங்க கோடு இருக்கு."

நியேவெஸ் கண்களை மூடித் திறந்தாள். பாரம் ஏறுவதற்குத் தோளைத் தயாராக வைத்துக்கொள்கிறவளைப் போல நிமிர்ந்தாள். "அப்ப அவரை விட்டுருவாங்க."

எர்லிந்தா குரோவரைப் பார்த்தாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பதிவேட்டில் கையெழுத்து இருந்தது. பையில் இரும்பு இருந்தது. மூன்று மணிக்கு அந்தப் பையை மேசையில் வைத்தே ஆக வேண்டும். அதற்கு முன்பு இவளிடம் சொல்வதா, நீதிபதிக்கு முன்னால் இவள் தெரிந்துகொள்வதா. இரண்டில் எது கொஞ்சம் நல்லது என்று அவளுக்குத் தெரியவில்லை. பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

நியேவெஸ் அதை வாங்கினாள். வெல்டிங் தழும்பின்மேல் விரலை ஓட்டினாள், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை. திரும்ப ஒரு தடவை. பிறகு வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவள் முகம் தளர்ந்தது.

"இது என்னுது. உடையல தோன்யா. பாருங்க, ஒரு முடி அளவுகூட விடல." சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "நான் நல்லாத்தான் செஞ்சிருக்கேன்."

"ஆமா. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க."

அவள் இன்னும் துண்டைத் திருப்பிக்கொண்டிருந்தாள். போல்ட் நுழைகிற ஓட்டைக்கு வந்தாள். பன்னிரண்டு வருடம் நட்டுகளைப் பார்த்த கண். ஓட்டையின் விளிம்பு சிதைந்திருக்கவில்லை. பிய்ந்து வந்த இரும்பு அப்படி இருக்காது. ஸ்பேனர் போட்டு நிதானமாகக் கழற்றிய இரும்பு. விரல் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, ஒரு விரல் உள்ளே இருந்த கீறலில் நின்றது.

வேனுக்கு அடியில் தான் போட்ட கோட்டை அவள் இப்போது மனதில் தேடுவது முகத்தில் தெரிந்தது.

"இது எங்க கெடைச்சுது?"

நியேவெஸின் கண் பின்கட்டின் இரும்புக் கதவுக்குப் போய்த் திரும்பியது.

"ஒரு விரல் ஜாஸ்தியா?" என்றாள், மிகவும் மெதுவாக.

எர்லிந்தா ஆம் என்று தலையை ஆட்டினாள்.

"சொல்லியிருக்கலாமே அவரு. எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

பெஞ்சின் மறு கோடியில் அசைவு. தோன் கசியானோ எழுந்து, காலியாக இருந்த அந்த நாலு பேர் இடத்தைத் தாண்டி வந்தார். கம்பளித் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். அவர் பார்வை நியேவெஸின் கையில் இருந்த இரும்பின்மேல் இருந்தது.

"மன்னிச்சுக்கங்க," என்றார். "அதுதானா? உடைஞ்சது அதுதானாம்மா?"

குரோவர் ஒரு அடி முன்னால் வந்தான், ஏதாவது சொல்லி அவரை நகர்த்த.

நீதிமன்ற அறையின் கதவு திறந்தது. குமாஸ்தா காகிதத்தைப் பார்த்து செவெரோவின் பெயரைக் கூப்பிட்டார்.

நியேவெஸ் துண்டை மறைக்கவில்லை. அதை அப்படியே கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"இல்லீங்க தோன் கசியானோ," என்றாள். "இது உடையல."

அவர் தலையை ஆட்டினார். அப்படியானால் விபத்து எப்படி நடந்தது என்று கேட்பதற்காக, தொப்பியைக் கையில் பிடித்தபடி, அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.